புட்வல் பட்டறையும் நேபாளத்தின் ஆறுகளும்

மழைக்காலம் ஓய்ந்ததும் நேபாளத்தின் பியூத்தான் மாவட்டத்தில் உள்ள ஜிம்ருக் நீர்மின் நிலையத்தில் ஒரு வேலை காத்திருக்கும். டர்பைனைத் திறந்து, ரன்னர் எனப்படும் சுழல்சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டும். நான்கு மாதம் ஆற்று மணல் அடித்ததில் அதன் எஃகு இதழ்களின் ஓரம் அரித்துப்போயிருக்கும். தேய்ந்த சக்கரத்தை இறக்கிவிட்டு, முன்பே செப்பனிட்டு வைத்திருக்கும் சக்கரத்தை ஏற்றுவார்கள். இறக்கியது புட்வல் நகரத்துப் பட்டறைக்குப் போகும். அங்கே வெல்டர்கள் இழந்த உலோகத்தை அடுக்கடுக்காக நிரப்புவார்கள்; பிறகு அரைத்து, தேய்த்து, பழைய வளைவை மீட்டெடுப்பார்கள்.

கடற்கரை இல்லாத, மலைப்பாதைகளை மண்சரிவு அடிக்கடி மூடிவிடும் ஒரு நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. ஒரு சக்கரத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்குவதென்றால், லாரியில் கொல்கத்தா துறைமுகம் வரை போய், கப்பலேறி, அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரு வறட்சிப் பருவத்தின் மின்உற்பத்தியே அதில் போய்விடக்கூடும். அந்தப் பட்டறை எப்படி அங்கே வந்தது, அதில் வேலை செய்யும் கைகள் எங்கே பழகின, அந்தத் தொடர்ச்சி பின்னர் எங்கே நெகிழ்ந்தது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மின்நிலையமே தொழிற்பள்ளியாகவும் இருந்த காலத்தில் புட்வலில் இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. இரண்டையும் பிரித்து வேறு வேறு அலுவலகங்களிடம் ஒப்படைத்த பிறகு நாட்டில் மெகாவாட் பெருகியது. கைத்திறன் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

சாவி மட்டும் கைமாறிய காலம்

நேபாளத்துக்கு மின்சாரம் புதியதல்ல. 1911இல், சந்திர ஷம்ஷேர் ராணாவின் ஆட்சியில், காத்மாண்டுவுக்குத் தெற்கே ஃபர்பிங்கில் 500 கிலோவாட் நீர்மின் நிலையம் தொடங்கப்பட்டது. ஆசியாவின் தொடக்ககால நீர்மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. அந்த வெளிச்சம் முதலில் ராணா குடும்பத்தின் அரண்மனைகளுக்குத்தான் போனது. அடுத்த நிலையமான சுந்தரிஜல் வருவதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது.

1951இல் ராணா ஆட்சி வீழ்ந்தது. அயல்நாட்டு உதவி உள்ளே வந்தது. பனௌதி மின்நிலையத்தைச் சோவியத் ஒன்றியம் கட்டித் தந்தது. திரிசூலியை இந்தியாவும் சுன்கோசியைச் சீனாவும் கட்டித் தந்தன. ஒவ்வொரு நாடும் தன் வடிவமைப்பையும் தன் இயந்திரத்தையும் தன் பொறியாளரையும் கூட்டிக்கொண்டு வந்தது. வேலை முடிந்து விழா நடந்தது, சாவி கைமாறியது. உதவிய நாடுகளைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நிலையங்கள் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கின்றன. ஆனால் ஒரு நிலையத்தைக் கட்டிய அனுபவம் அடுத்த நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. பனௌதியில் கற்றவரைத் திரிசூலிக்கும், திரிசூலியில் கற்றவரைச் சுன்கோசிக்கும் அழைத்துச் செல்ல எந்த ஏற்பாடும் இல்லை.

ஒட் ஹொஃப்டுன் என்ற நார்வே மின்பொறியாளர் 1958இல் நேபாளம் வந்தார். நேபாள ஐக்கிய மிஷன் என்ற கிறித்தவக் கூட்டமைப்பு பால்பா மாவட்டத்தின் தான்சேன் ஊரில் கட்டிக்கொண்டிருந்த மருத்துவமனைக்காக அவர் அனுப்பப்பட்டார். அந்த மிஷன் மதமாற்றத்தில் ஈடுபடக் கூடாது என்பது நேபாள அரசோடு அது செய்திருந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஆகவே பள்ளி, மருத்துவம், தொழில் ஆகியவையே அதன் களம். மலையுச்சி ஊரில் ஒரு மருத்துவமனையைக் கட்டுவதென்றால் தச்சர், குழாய் பொருத்துபவர், மின்பணியாளர் எல்லோரும் வேண்டும். அவர்களை வெளியிலிருந்து அழைத்து வரலாம், அல்லது அங்கேயே பழக்கலாம். தான்சேனில் கிடைத்த இந்தப் பாடத்தைத்தான் அவர் அடுத்து மலையடிவாரத்துக்கு எடுத்துச் சென்றார்.

1963: முதலில் பள்ளி

தினாவு ஆறு சிவாலிக் குன்றுகளை விட்டுச் சமவெளியில் இறங்கும் வாயிலில் இருக்கிறது புட்வல். மலைச்சரக்கும் சமவெளிச் சரக்கும் கைமாறும் சந்தை ஊர். அரசுடன் செய்த உடன்பாட்டின் பேரில் 1963இல் அங்கே புட்வல் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. சிறப்பு அதன் பாடத்திட்டத்தில் இல்லை, வரவுசெலவுக் கணக்கில் இருந்தது. வகுப்பறையைக் கட்டி அதன் ஓரத்தில் ஒரு பயிற்சிக்கூடத்தை வைக்கவில்லை. உண்மையான பட்டறைகளை வைத்து அவற்றுக்குள் மாணவர்களைச் சேர்த்தார்கள். இயந்திரப் பட்டறையும் மரப் பட்டறையும் வெளியாரிடம் ஆர்டர் வாங்கின. மேசை விற்றது, கதவு விற்றது, இரும்பு வேலை விற்றது. அந்த வருமானத்தில் பயிற்சி நடந்தது. பழகுநர் சில ஆண்டுகள் தேர்ந்த கைகளோடு நின்று வேலை செய்தார். சிறு உதவித்தொகையும் பெற்றார்.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பயிற்சிக்காக மட்டும் ஒரு வெல்டு போட்டால் அது ஒழுகினாலும் மதிப்பெண் குறைவதோடு சரி. வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கும் தொட்டியில் போட்ட வெல்டு ஒழுகினால் தொட்டி திரும்பி வரும். பட்டறைக்கு நட்டம், பழகுநருக்கு அவமானம், மறுநாள் மறுபடியும் அதே வேலை. தொழில் கற்பிக்கும் எவரும் இந்த வேறுபாட்டை அறிவார்கள். ஆனால் அதை ஒரு நிறுவனத்தின் அடித்தளமாகவே வைத்தவர்கள் குறைவு.

பட்டறைகளுக்கு மின்சாரம் வேண்டும். புட்வலில் மின்சாரம் இல்லை. அதற்காகவே 1965இல் புட்வல் மின்கம்பெனி என்ற தனியார் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. அரசுக்கும் அதில் பங்கு உண்டு. தொழிற்பள்ளிக்கு மின்சாரம் கொடுப்பதற்காகப் பிறந்த மின்கம்பெனி! மின்நிலையத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அதை ஓட்ட ஆள் பழக்குவதுதான் வழக்கம். புட்வலில் வரிசை தலைகீழாக இருந்தது. பின்னால் வந்த நன்மைகள் பலவும் இந்த வரிசையிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன்.

ஒரு மெகாவாட்டுக்குப் பத்தாண்டு

அந்தக் கம்பெனியின் முதல் நிலையம் தினாவு. மொத்தத் திறன் ஒரு மெகாவாட்தான். அதற்காக, உடைந்தும் நெகிழ்ந்தும் கிடக்கும் சிவாலிக் பாறைக்குள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் தோண்டினார்கள். பெரும்பகுதி வேலை கையால் நடந்தது. இயந்திரங்கள் நார்வேயில் பயன்படுத்திக் கழித்தவை. 1970 வாக்கில் மிகச் சிறிய அளவில் உற்பத்தி தொடங்கி, படிப்படியாக வளர்ந்து, 1970களின் பிற்பகுதியில் முழுத்திறனை எட்டியது. 1981இல் தினாவில் வந்த பெருவெள்ளம் அதன் தலைமதகுப் பகுதியைச் சேதப்படுத்தியது. நிலையம் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

மெகாவாட்டை மட்டும் எண்ணினால் இது தோல்விக் கதை. பத்தாண்டுக்கும் மேல் உழைத்து ஒரு மெகாவாட் என்பதை எந்த வங்கியின் கணக்கும் ஏற்காது. எனினும் அந்தச் சுரங்கத்திலிருந்து மின்சாரத்தோடு இன்னொன்றும் வெளியே வந்தது: பாறை எப்போது பேசும், எப்போது விழும் என்று காதால் அறியக்கூடிய ஒரு தொழிலாளர் கூட்டம். வேலை முடிந்ததும் அவர்கள் கலைந்துபோயிருந்தால் அறிவும் கலைந்திருக்கும். 1978இல் ஹிமால் ஹைட்ரோ என்ற கட்டுமானக் கம்பெனி தொடங்கப்பட்டது. தினாவில் தோண்டியவர்களைப் பிரியவிடாமல் அடுத்த சுரங்கத்துக்குக் கொண்டுபோவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 1985இல், டர்பைன், மதகு, அழுத்தக் குழாய் ஆகியவற்றைச் செய்யவும் பழுதுபார்க்கவும், நார்வே நிறுவனங்களின் ஒத்துழைப்போடு நேபாள் ஹைட்ரோ அண்டு எலக்ட்ரிக் வந்தது. முதல் பத்தியில் சொன்ன சக்கரங்கள் போய்ச்சேரும் இடம் இதுதான். பட்டறைகள் ஒவ்வொன்றாகத் தனிக் கம்பெனிகளாகப் பிரிந்தன. சாண எரிவாயுக் கம்பெனி ஒன்றும் 1977இல் இந்தச் சூழலிலிருந்தே எழுந்தது. அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

ஆந்தி கோலா: 25 வாட்டில் ஒரு வீடு

இந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆந்தி கோலா. ஒரு மின்திட்டம் யாருக்காக என்ற கேள்வியை அங்கே வேலை செய்தவர்கள் கடைசிவரை கைவிடவில்லை.

சியாங்ஜா மாவட்டத்தில் ஆந்தி கோலா ஆறும் காளி கண்டகியும் ஒரு மலைமுகட்டின் இரு பக்கமாக ஓடுகின்றன. காளி கண்டகி மிகவும் தாழ்வில் ஓடுகிறது. ஆந்தி கோலாவின் நீரை மலைக்குள் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய், செங்குத்தான கிணறு ஒன்றில் சுமார் 250 மீட்டர் ஆழத்துக்கு விழச்செய்து, நிலத்தடி அறையில் டர்பைனைச் சுழற்றி, மறுபக்கம் காளி கண்டகியில் விடுவது திட்டம். திறன் 5.1 மெகாவாட். 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1991இல் முடிந்தது. இங்கேயும் இயந்திரங்கள் நார்வேயிலிருந்து வந்த பழையவை. அவற்றைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டி ஓட்டவேண்டும். புதிய இயந்திரம் பெட்டியில் வந்து இறங்கினால் அதன் உள்ளுறுப்புகளைப் பார்க்காமலேயே ஓட்டிவிடலாம். பழைய இயந்திரம் அந்த வசதியைத் தராது. பூட்டுபவர் ஒவ்வொரு தாங்கியையும் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

மின்சாரம் வந்தது. சுற்றியுள்ள மலைக்கிராம வீடுகளுக்கு அதை எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு வீட்டுக்கும் மீட்டர் வைத்து, மாதாமாதம் மலையேறி அளவெடுத்து, பில் போட்டு வசூலிக்கும் செலவு, வசூலாகும் பணத்தைவிட அதிகமாகிவிடும். ஆகவே மீட்டரையே விட்டுவிட்டார்கள். 25 வாட், 50 வாட் என்று வீட்டுக்கு வீடு ஓர் உச்சவரம்பு. அதற்கு மாதம் ஒரு நிலையான தொகை. வரம்பை மீறி இழுத்தால் ஒரு சிறு கருவி இணைப்பைத் துண்டித்துவிடும். சுமையைக் குறைத்தால் மீண்டும் வரும். 25 வாட் என்பது ஒரே ஒரு விளக்கு. ஆனால் மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த பிள்ளைக்கு அந்த ஒரு விளக்கின் மதிப்பு என்ன என்பதைக் கணக்கு ஏட்டில் எழுத முடியாது.

நீர்மின் நிலையத்துக்கு இன்னொரு இயல்பு உண்டு. ஆறு இரவும் பகலும் ஓடுகிறது. மின்சாரம் தேவைப்படுவதோ மாலையில் சில மணி நேரம். மற்ற நேரத்தில் நீர் வீணாகிறது. குறைந்த வாட்டில் மெதுவாகச் சமைக்கும் பானை ஒன்றை வடிவமைத்தால் உச்சவரம்புக்குள் பகல் முழுவதும் மின்சாரம் பயன்படும், விறகும் மிஞ்சும் என்று கணக்கிட்டு, புட்வலின் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவினர் பிஜுலி தேக்சி என்ற மின்பானையை உருவாக்கினார்கள். பிஜுலி என்றால் மின்சாரம். தேக்சி என்றால் நம் தேக்சாதான். டர்பைன் பூட்டும் ஊரிலேயே சமையல் பானையையும் யோசித்தார்கள் என்பதை நான் பெருமதிப்போடு பார்க்கிறேன்.

நீர்ப்பாசனமும் சேர்ந்தே திட்டமிடப்பட்டது. அதில் நீருரிமை நிலத்தின் பரப்பைப் பார்த்துத் தரப்படவில்லை. வாய்க்கால் வெட்டும் வேலையில் உழைத்தவர் அந்த உழைப்புக்குப் பங்கு பெற்றார். பங்குக்கு ஏற்ப நீர். சொந்த நிலம் இல்லாதவரும் உழைத்துப் பங்கு சேர்க்கலாம். சாதியும் நிலவுடைமையும் இறுகப் பிணைந்த மலைச்சமூகத்தில் இது துணிச்சலான ஏற்பாடு. அது எல்லா ஏற்றத்தாழ்வையும் நீக்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு பொறியியல் திட்டத்தின் வரைபடத்துக்குள்ளேயே வைத்தார்கள்.

2015இல் இதே நிலையம் 9.4 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது.

ஜிம்ருக் கற்றுத் தந்தது

1994இல் வந்த ஜிம்ருக் 12 மெகாவாட். ஜிம்ருக் ஆற்றின் நீரை மலையைக் குடைந்து சுமார் 200 மீட்டர் தாழ்வில் ஓடும் மாடி ஆற்றுக்குத் திருப்பும் திட்டம். ஆந்தி கோலாவின் அதே உத்தி, அதே கூட்டத்தின் கை. கட்டியதில் குறையில்லை. ஆறுதான் கடுமையாக இருந்தது.

இமயமலை இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை. மழையில் அதன் சரிவுகள் கரைந்து வருகின்றன. அந்த மணலில் குவார்ட்ஸ் என்ற கனிமம் அதிகம். குவார்ட்ஸ் எஃகைவிடக் கடினமானது. வண்டல் படியும் தொட்டிகள் பெரிய மணலைப் பிடித்துவிடும். நுண்மணல் தப்பி உள்ளே போகும். 2003இல் ஜிம்ருக்கில் செய்த அளவீடு ஒன்றில், பத்தே வாரத்தில் டர்பைனின் சிறந்த செயல்திறன் சுமார் 4 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. முழுத்திறனுக்குக் குறைவாக, பகுதிச் சுமையில் ஓடும்போது இழப்பு இன்னும் அதிகம். ஐரோப்பாவின் தெளிந்த பனிநீருக்காக எழுதப்பட்ட பாடப்புத்தகம் இங்கே பாதிவழியில் நின்றுவிடுகிறது. மீதியை நேபாளத்தில்தான் எழுத வேண்டும். காத்மாண்டு பல்கலைக்கழகத்தில் 2011இல் திறக்கப்பட்ட டர்பைன் சோதனைக்கூடம் இந்த அரிமானத்தை ஆய்வு செய்கிறது. வெல்டரின் கையும் ஆய்வாளரின் கணக்கும் ஒரே தேய்ந்த சக்கரத்தைப் பார்க்கின்றன என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி.

ஜிம்ருக்கின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நீரை வேறு ஆற்றுக்குத் திருப்பியதால், அணைக்குக் கீழே ஜிம்ருக் பள்ளத்தாக்கில் பயிரிட்ட உழவர்களுக்கு வறட்சி மாதங்களில் நீர் குறைந்தது. அவர்கள் முறையிட்டார்கள், ஈடுசெய்யும் பணிகள் பின்னர் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஆந்தி கோலாவில் முதலிலேயே கேட்கப்பட்ட கேள்வி இங்கே தாமதமாகக் கேட்கப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது, 2002இல், மாவோயிஸ்டுகள் நிலையத்தைத் தாக்கி அழித்தார்கள், பிறகு சீரமைக்கப்பட்டது. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு நாளுக்கான சாலைத் தொலைவில் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பது அப்படிப்பட்ட நேரத்தில்தான் விளங்கும்.

அருண் சர்ச்சையும் கிம்தியும்

ஒன்று, ஐந்து, பன்னிரண்டு. மெதுவாக ஏறிய இந்தப் படிக்கட்டுக்கு நேர் எதிரே 1990களின் தொடக்கத்தில் இன்னொரு திட்டம் நின்றது. கிழக்கு நேபாளத்தில் அருண் ஆற்றின் மீது, முதல் கட்டமாக 201 மெகாவாட். உலக வங்கியும் பிற நிதியாளர்களும் பின்னால் இருந்தார்கள். மதிப்பீடு ஏறக்குறைய 100 கோடி டாலர். அந்நாளைய நேபாளத்துக்கு அது தாங்க முடியாத தொகை. எதிர்த்தவர்கள் மின்சாரம் வேண்டாமென்று சொல்லவில்லை. இத்தனை பணத்தையும் ஒரே அணையில் கொட்டினால், சிறிய, நடுத்தர நிலையங்களைத் தாமே கட்டப் பழகியிருக்கும் நேபாளக் கம்பெனிகள் வேலையின்றிக் கலைந்துவிடும் என்றார்கள். அந்த வாதத்துக்கு உயிருள்ள சான்றாக ஆந்தி கோலாவும் ஜிம்ருக்கும் இருந்தன. 1995 ஆகஸ்டில் உலக வங்கி திட்டத்திலிருந்து விலகியது.

அதற்குள் 1992ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தனியார் முதலீட்டுக்குக் கதவைத் திறந்திருந்தது. புட்வல் மின்கம்பெனியும் நார்வே நிறுவனங்களும் சேர்ந்து ஹிமால் பவர் என்ற கம்பெனியை அமைத்து, தோலகா, ராமேசாப் பகுதியில் 60 மெகாவாட் கிம்தி திட்டத்தை எடுத்தன. 680 மீட்டருக்கும் மேலான வீழ்ச்சி, நிலத்தடி மின்கூடம், உயர்ந்த வீழ்ச்சிக்கு ஏற்ற பெல்டன் வகை டர்பைன்கள் ஐந்து. 2000இல் உற்பத்தி தொடங்கியது. சுரங்கப் பணியில் நார்வே கம்பெனியோடு ஹிமால் ஹைட்ரோவும் கூட்டாளி. தினாவில் கடப்பாரையோடு தொடங்கிய கூட்டத்தின் வழித்தோன்றல்கள் அறுபது மெகாவாட் நிலையத்தில் நின்றார்கள். அந்த வகையில் இது ஒரு சிகரம்.

ஆனால் கணக்கின் இலக்கணம் இங்கே மாறிவிட்டது. ஆசிய வளர்ச்சி வங்கியும் பன்னாட்டு நிதிக் கழகமும் கடன் தந்தன. கடன் டாலரில், ஆகவே நேபாள அரசின் மின்சார வாரியம் வாங்கும் விலையும் டாலரோடு கட்டப்பட்டது. 1996இல் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் டாலருக்குச் சுமார் 56 நேபாள ரூபாய். 2020இல் ஏறக்குறைய 120. கட்டணம் செலுத்தும் மக்கள் ரூபாயில் சம்பாதிக்கிறார்கள். அந்தச் சுமை வாரியத்தின் மீது விழுந்து பல ஆண்டு கசப்பை உண்டாக்கியது.

பயிற்சிக்கும் இதில் ஒரு விளைவு உண்டு. பெரிய கடனுக்குக் கால அட்டவணை இறுக்கமானது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு. பழகுநர் தவறு செய்து திருத்திக்கொள்ளும் இடைவெளி அந்த அட்டவணையில் இல்லை. தினாவுக்குக் கிடைத்த பத்தாண்டை எந்த நிதியாளரும் இனித் தரமாட்டார். தரவேண்டும் என்று கேட்பதும் நியாயமல்ல. மிஷனின் நன்கொடையும், குறைந்த ஊதியத்தில் வந்து வேலை செய்த அயல்நாட்டுப் பொறியாளர்களும், இலவசமாகக் கிடைத்த பழைய இயந்திரங்களும் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தன. புட்வலைப் புகழ்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. 2003இல் புட்வல் மின்கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை அரசு தனியாருக்கு விற்றது. கம்பெனி இன்றும் நடக்கிறது, லாபமும் ஈட்டுகிறது. பள்ளியும் மின்கம்பெனியும் கட்டுமானக் கம்பெனியும் ஒரே குடும்பமாக இருந்த நிலை அதோடு முடிந்தது.

இருட்டும் அதற்குப் பின்னும்

2008 ஆகஸ்டில் கோசி ஆறு கரையை உடைத்தது. இந்தியாவிலிருந்து மின்சாரம் கொண்டுவந்த கம்பிவழியும் அறுந்தது. அடுத்த வறட்சிப் பருவத்தில் காத்மாண்டுவில் ஒரு நாளுக்கு 16 மணி நேரம் வரை மின்வெட்டு. புத்தாயிரத்தின் முதல் பத்தாண்டில் போர் காரணமாகவும், முதலீடு வராததாலும், புதிய நிலையங்கள் போதிய அளவில் எழவில்லை என்பதன் அறுவடை அது. 2016க்குப் பிறகு குல்மான் கிசிங் தலைமையில் மின்சார வாரியம் மின்வெட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. இந்திய இறக்குமதியும், விநியோக ஒழுங்கும், எல்லை கடந்த புதிய உயர்அழுத்தக் கம்பிவழியும் அதற்கு உதவின.

2021இல் 456 மெகாவாட் மேல் தாமாகோசி நிலையம் ஓடத் தொடங்கியது. இதன் பணம் நேபாளத்துடையது: ஊழியர் சேமநிதி, குடிமக்கள் முதலீட்டு நிதி, நேபாள் டெலிகாம், பொதுமக்களின் பங்குகள். எந்த வெளிநாட்டு வங்கியின் நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் இவ்வளவு பெரிய நிலையத்தை எழுப்பியது பெருமைப்படத்தக்கது. ஆனால் சுரங்கத்தைத் தோண்டியது சீனாவின் சைனோஹைட்ரோ. டர்பைன்கள் ஆஸ்திரியாவின் ஆண்ட்ரிட்ஸ் நிறுவனத்துடையவை. பணத்தில் வந்த தற்சார்பு கையில் வரவில்லை. 456 மெகாவாட்டை ஹிமால் ஹைட்ரோ தனியே கட்டியிருக்க முடியாது என்பது உண்மை. பன்னிரண்டுக்கும் நானூற்றைம்பதுக்கும் இடையே ஏறவேண்டிய படிகளை அதற்கு யாரும் அமைத்துத் தரவில்லை என்பதும் உண்மை.

தொழிற்பயிற்சி இப்போது வேறு ஓர் ஏற்பாட்டின் கீழ் இருக்கிறது. 1989இல் தொழில்நுட்பக் கல்வி மற்றும் தொழிற்பயிற்சி மன்றம் அமைக்கப்பட்டது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகியவை அதன் பொறுப்பு. நாடு முழுவதற்கும் ஒரே தரம் என்ற நோக்கம் நல்லது. அதன் கீழ் பரவலாக நடக்கும் குறுகியகாலப் பயிற்சிக்கு அளவு 390 மணி நேரம். வீட்டு மின்கம்பி இழுக்க, குழாய் பொருத்த அது ஒரு தொடக்கம்தான். தேய்ந்த டர்பைன் இதழை நிரப்பும் வெல்டருக்கு அது வாசல்படி கூட அல்ல. சான்றிதழ் எண்ணிக்கையை வைத்து நிதி ஒதுக்கும்போது குறுகிய பயிற்சி பெருகும். நீண்ட பழகுநர் முறை சுருங்கும். அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, கணக்கெடுக்கும் முறை அப்படி.

பழகியவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் தெரிந்ததே. வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நேபாளத்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய கால்பங்கு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் நல்ல வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் எப்போதும் வேலை உண்டு. போகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் ஒரு சுரங்கம் முடிந்து அடுத்தது தொடங்க மூன்று ஆண்டு ஆகுமென்றால், அந்த மூன்று ஆண்டும் அவர் குடும்பம் என்ன சாப்பிடும்? 1978இல் ஹிமால் ஹைட்ரோவைத் தொடங்கியவர்கள் விடை தேடியது இதே கேள்விக்குத்தான்.

அடுத்த சுரங்கங்களுக்கு

2024 நவம்பரில் நேபாள மின்சாரம் இந்தியக் கம்பிவழியாக வங்கதேசம் வரை போனது. அளவு 40 மெகாவாட். நாட்டின் நிறுவுதிறன் 3,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆயினும் பெரும்பாலானவை நீரைத் தேக்காமல் ஆறு ஓடுகிறபடியே பயன்படுத்தும் ஆற்றோட்ட நிலையங்கள். குளிர்காலத்தில் ஆறு மெலிந்ததும் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்து, இந்தியாவிலிருந்து மறுபடி வாங்க நேர்கிறது. நீரைத் தேக்கிவைக்கும் நிலையங்கள் வேண்டும். சேதி ஆற்றில் 140 மெகாவாட் தனாஹுன் கட்டப்பட்டு வருகிறது. புத்தி கண்டகியில் 1,200 மெகாவாட் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. இனி வரும் வேலைகளில் அணையும் உண்டு, சுரங்கமும் உண்டு, வண்டல் கழுவும் மதகும் உண்டு, முன்னைவிடப் பல மடங்கு மணலும் உண்டு.

ஆகவே பயிற்சி பற்றிய முடிவைப் பயிற்சி மன்றத்தின் கூட்டத்தில் எடுப்பதைவிட, கட்டுமான ஒப்பந்தத்தின் பக்கங்களில் எடுப்பது நல்லது என்பது என் வாதம். வெளிநாட்டுக் கம்பெனி வரட்டும், கடன் வரட்டும். ஆனால் ஒப்பந்தத்தில் சில வரிகள் எண்ணிக்கையோடு இருக்கவேண்டும்: எத்தனை பழகுநர், சுரங்க முகப்பில் எத்தனை மாதம், டர்பைன் பூட்டும் குழுவில் எத்தனை மாதம், மாதச் சம்பளம் எவ்வளவு. அந்தச் செலவு திட்டமதிப்பீட்டில் சிமெண்டைப் போல, கம்பியைப் போலத் தனி இனமாக இடம்பெற வேண்டும். சமூகப் பொறுப்பு என்ற தலைப்பில் மிச்சப் பணத்துக்கு விடக் கூடாது. சான்றிதழில் மன்றத்தின் முத்திரையோடு வேலைத்தலத்து மேஸ்திரியின் கையெழுத்தும் இருக்கவேண்டும். மின்சார வாரியத்துக்கு பக்தபூர் மாவட்டத்தின் கரிபாட்டியில் பயிற்சி மையம் இருக்கிறது. புட்வலில் அந்தப் பழைய தொழிற்பள்ளியும் இருக்கிறது. ஒரு திட்டத்தில் பழகியவரின் பெயரை அடுத்த திட்டத்தின் மேலாளரிடம், முதல் சுரங்கத்தின் கடைசி வெடி வெடிப்பதற்கு முன்பே கொண்டுசேர்க்கும் பதிவேடு ஒன்றை இவ்விரண்டில் ஏதாவது ஒன்று வைத்துப் பராமரிக்கலாம்.